நிறம் எண்ணாகிய வரலாறு: ஜாவா மொழியில் நிறங் கடத்தும் முறை

கட்புலனுக்கு விடயமாவன வடிவும் நிறமுமாம். இவ்விரண்டனுள் வடிவினை அளந்து எண்ணாற் கூறுங் கலையைக் கிரேக்க நாட்டார் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே கேத்திரகணிதமாக வளர்த்தனர். ஒரு முக்கோணத்தின் பக்கங்கள் மூன்றும் எண்ணாற் கூறப்படின், அம்முக்கோணத்தை ஒருபோதுங் காணாதவனும் அதனைப் பிழையின்றி வரைதல் கூடும். நிறமோ அவ்வாறு எளிதில் எண்ணுக்கு அடங்கவில்லை. செம்மை என்னுஞ் சொல் குருதிக்கும் செம்மண்ணுக்கும் செவ்வரத்தம்பூவுக்கும் பொதுவாய் நிற்கின்றது. சொல் ஒன்றாயினும் கண் காண்பன மூன்றாம். எனவே, ஒருவர் கண்ட நிறத்தை மற்றொருவருக்கு ஐயமின்றி உணர்த்துவது எங்ஙனம் என்னும் வினா நெடுங்காலமாக விடையின்றியே இருந்தது.

இவ்வினா இக்காலத்திற் கணினியுலகிற் புதியதொரு வடிவிற் தோன்றியுள்ளது. கணினியை இயக்குஞ் செய்நிரலானது பல சிறு பகுதிகளாகப் பிரித்து எழுதப்படுவதாகும். இப்பகுதிகளுள் ஒவ்வொன்றும் முறை எனப்படும். ஒரு முறை மற்றொரு முறையை ஏவும்போது அதற்கு வேண்டிய தரவுகளை உடன் கையளிக்கின்றது. இவ்வாறு கையளிக்கப்படுவன பரமானங்கள் எனப் பெயர்பெறும். வட்டம் ஒன்றை வரையும் முறைக்கு மையமும் ஆரையும் பரமானங்களாகச் செல்லுதல் போல, நிறமும் பரமானமாகச் செல்லுதல் வேண்டும். அங்ஙனம் செல்வது நிறத்தின் பெயரா, எண்ணா, அன்றி வேறொரு பொருளா? செல்வது மூலமா, பிரதியா? பெற்றுக்கொண்டவன் அதனை மாற்றினால், தந்தவனிடத்துள்ள நிறமும் மாறுமா? ஜாவா என்னும் கணினிமொழி இவ்வினாக்களுக்கு அளித்த விடைகளையும், அவ்விடைகள் தோன்றிய வரலாற்றையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நிறத்தை அளந்தோர்

ஐசாக் நியூற்றன் 1672 ஆம் ஆண்டில் இலண்டன் வேத்தியற் சங்கத்துக்கு எழுதிய கடிதத்தில், வெள்ளொளி பல நிறக் கதிர்களின் சேர்க்கையே என்பதை அரியத்தின் துணைகொண்டு நிறுவினார். 1704 இல் வெளிவந்த ஒளியியல் நூலில் நிறங்களை ஒரு வட்டத்தின் பரிதியில் வைத்து, கலவை நிறத்தின் இடத்தைப் புவியீர்ப்பு மையங் காணுமாறு போலக் கணிக்கும் வழியொன்றையும் அவர் கூறினார். நிறம் கணக்குக்கு உட்படுதல் கூடும் என்பதற்கு இஃது ஒரு முதற் குறிப்பு எனலாம்.

எத்தனை எண்கள் இருப்பின் ஒரு நிறத்தைக் கூறிவிடலாம் என்பதே அடுத்து எழுந்த வினா. தோமஸ் யங் என்னும் ஆங்கிலேய வைத்தியர் 1801 இல் நிகழ்த்திய விரிவுரையில், கண்ணின் விழித்திரையில் மூவகை உணர்கருவிகள் இருத்தல் வேண்டும் என்னுங் கருத்தை வெளியிட்டார். 1853 இல் ஜேர்மன் ஆசிரியராகிய கிராஸ்மன் நிறக் கலவையின் விதிகளை வகுத்தார். இவ்விதிகளின்படி நிறங்களைக் கூட்டலாம், அளவாற் பெருக்கலாம், அட்சரகணிதத்திற் சமன்பாடுகளைக் கையாளுமாறு கையாளலாம்.

இதனைப் பரிசோதனையால் உறுதிப்படுத்தியவர் ஸ்கொத்லாந்து நாட்டினரான ஜேம்ஸ் கிளார்க் மக்ஸ்வெல். நிறத்தாள்களை வேண்டிய அளவுக்கு வெட்டிப் பம்பரம் போன்ற வட்டத்தட்டில் அமைத்துச் சுழற்றுமிடத்து, கண்ணுக்கு ஒரே கலவை நிறம் தோன்றும். ஒவ்வொரு தாளும் வட்டத்தில் எத்தனை கூறு இடங்கொண்டது என்பதை அளந்து, மக்ஸ்வெல் நிறச் சமன்பாடுகளை எழுதினார். 1861 ஆம் ஆண்டு மே மாதத்தில் இலண்டன் வேத்தியல் நிறுவகத்திற் கட்டமிட்ட நாடாவொன்றின் நிறப்படத்தை அவர் காட்டினார். சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று வடிகளினூடாக எடுக்கப்பட்ட மூன்று புகைப்படங்களை அவ்வவ் வடிகளினூடே ஒரே திரையில் வீழ்த்தியபோது நாடாவின் நிறங்கள் தோன்றின. இன்றைய கணினித் திரை ஒவ்வொன்றும் அன்று நிகழ்ந்த காட்சியின் வழித்தோன்றலே. மூன்று எண்கள் போதும் என்பது அன்றே புலனாயிற்று.

எனினும் யாருடைய சிவப்பு, எத்தகைய பச்சை என்னும் ஐயம் நீங்கவில்லை. டபிள்யூ. டேவிட் றைற் என்பவர் பத்துப் பேரையும், ஜோன் கில்ட் என்பவர் ஏழு பேரையுங் கொண்டு 1920 களின் பிற்பகுதியிற் தனித்தனியே பரிசோதனைகள் நடாத்தினர். ஈரிடத்துப் பெறுபேறுகளும் வியக்கத்தக்கவாறு ஒத்திருந்தன. அவற்றை அடிப்படையாகக் கொண்டு சர்வதேச ஒளியூட்டல் ஆணைக்குழு 1931 இல் நிறங்களுக்கு ஒரு நியம அளவுமுறையை வகுத்தது. பதினேழு பேருடைய கண்களே உலகத்தார் அனைவருடைய கண்களுக்கும் பிரதிநிதிகளாயின. நிறத்தைக் குறிக்கும் எண் இயற்கையிற் தானே கிடைத்ததன்று; மக்கள் கூடி உடன்பட்டமையாற் பொருள்பெற்ற எண் என்பது ஈண்டு மனங்கொள்ளத் தக்கது. பின்னர்க் கூறப்படும் இடர்ப்பாடுகள் பலவற்றுக்கும் இவ்வுண்மையை மறந்தமையே காரணமாகும்.

திரையும் நினைவகமும்

கணினித் திரையில் ஒரு படம் என்பது பிக்சல் எனப்படும் சிறு புள்ளிகளின் தொகுதியாம். ஒவ்வொரு புள்ளிக்கும் உரிய நிறவெண்ணைச் சேமித்து வைத்தற்கு நினைவகம் வேண்டும். சேராக்ஸ் நிறுவனத்தின் பாலோ அல்ற்றோ ஆராய்ச்சி நிலையத்தில் றிச்சாட் ஷூப் என்பவர் 1973 இல் இயங்கச் செய்த சூப்பர்பெயின்ற் என்னும் அமைப்பில் ஒவ்வொரு புள்ளிக்கும் எட்டுப் பிற்றுக்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. எட்டுப் பிற்றுக்களால் 256 வேறு பெறுமானங்களைக் குறிக்கலாம். அப்பெறுமானம் நிறத்தை நேரே குறியாது, நிற அட்டவணை ஒன்றில் ஓர் இடத்தைச் சுட்டி நின்றது.

நினைவகத்தின் விலை குறையவே, சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் எட்டுப் பிற்றுக்கள் வீதம் இருபத்துநான்கு பிற்றுக்களைப் பயன்படுத்துதல் வழக்கமாயிற்று. இம்முறையில் 256 ஐ மும்முறை பெருக்க வரும் 16,777,216 நிறங்களைக் குறிக்கலாம். 640 புள்ளி அகலமும் 480 புள்ளி உயரமும் உள்ள திரைக்கு 307,200 புள்ளிகளும், அவற்றுக்கு 921,600 பைற்றுக்களும் வேண்டும்.

மூன்று எண்களையும் ஒரே எண்ணாகக் கட்டிவைக்கும் வழியும் தோன்றியது. ஒன்று, பத்து, நூறு என்னுந் தானங்களில் இலக்கங்களை வைத்து எண் எழுதுவது போல, 256 ஐ அடியாகக் கொண்டு நீலத்தை ஒன்றாந் தானத்திலும், பச்சையை 256 ஆந் தானத்திலும், சிவப்பை 65,536 ஆந் தானத்திலும் வைப்பது இம்முறை. இதன்படி தூய சிவப்பு 16,711,680 ஆகும். தூய பச்சை 65,280 ஆகும். தூய நீலம் 255 ஆகும். ஆயின் தானவரிசை எங்கும் ஒன்றாக அமையவில்லை. மைக்கிரோசொவ்ற் நிறுவனத்தின் விண்டோஸ் அமைப்பு தன் நிறவெண்ணிற் சிவப்பையே ஒன்றாந் தானத்தில் வைத்தது. ஆகவே 255 என்னும் ஒரே எண் ஓரிடத்தில் நீலமாகவும் மற்றோரிடத்திற் சிவப்பாகவும் பொருள்படலாயிற்று.

இம்மூன்றுடன் நான்காவது எண்ணொன்றும் சேர்ந்தது. ஒரு படத்தின் மேல் மற்றொரு படத்தை வைக்கும்போது மேலுள்ளது எவ்வளவு மறைக்கும், எவ்வளவு ஊடுகாட்டும் என்பதைக் குறித்தற்கு எட்வின் கற்மல், அல்வி றே சிமித் ஆகிய இருவரும் 1977 இல் அல்பா என்னுங் கூற்றினை வகுத்தனர். தோமஸ் போற்றர், ரொம் டஃப் என்போர் 1984 இல் வெளியிட்ட ஆய்வுரை அதற்குரிய கணிதத்தைச் செம்மைப்படுத்தியது. இருபத்துநான்கு பிற்றுக்களுடன் அல்பாவின் எட்டும் சேர, நிறவெண் முப்பத்திரண்டு பிற்றுக்களாக வளர்ந்தது.

பரமானங் கடத்தலின் வரலாறு

நிறத்தை எண்ணாக்கிய வரலாறு ஒருபுறமிருக்க, எண்ணைக் கையளிக்கும் வரலாறு மற்றொருபுறம் வளர்ந்தது. இதனை ஓர் உவமையால் விளக்கலாம். காணி உறுதியொன்றை வழக்கறிஞரிடம் ஒப்படைக்க வேண்டிய ஒருவர், உறுதியின் பிரதியைக் கொடுத்தல் கூடும். அல்லது உறுதி வைக்கப்பட்டுள்ள பெட்டகம் எங்குள்ளது என்பதைக் கூறி விடுதலுங் கூடும். முன்னையதில் வழக்கறிஞர் பிரதியில் எதனை எழுதினும் மூலவுறுதிக்குக் கேடில்லை. பின்னையதில் அவர் பெட்டகத்தைத் திறந்து எழுதுவது மூலத்திலேயே பதியும்.

ஐ.பி.எம். நிறுவனத்தில் ஜோன் பக்கஸ் குழுவினர் 1957 இல் வெளியிட்ட போட்ரான் மொழியின் வழியிற் தோன்றிய அமைப்புக்கள் பெட்டக முகவரியைக் கொடுக்கும் வழியையே பெரிதும் கையாண்டன. இதனால், 2 என்னும் மாறிலியைப் பரமானமாகப் பெற்ற துணைச் செய்நிரல் அதனை 3 என மாற்றிவிட, அதன் பின்னர் அச்செய்நிரலில் 2 என்று எழுதிய இடங்களெல்லாம் 3 எனக் கணிக்கப்பட்ட விந்தையும் சில அமைப்புக்களில் நிகழ்ந்ததுண்டு. 1960 இல் வெளியான அல்கோல் 60 அறிக்கை பெறுமானத்தாற் கடத்தல், பெயராற் கடத்தல் என இரு வகையைத் தெளிவாகப் பிரித்துக் கூறியது. 1972 அளவில் டெனிஸ் றிச்சி ஆக்கிய சி மொழி பெறுமானத்தாற் கடத்தலையே பொதுவிதியாகக் கொண்டு, முகவரி வேண்டுமாயின் அதனையும் ஒரு பெறுமானமாகவே வெளிப்படையாக அனுப்புக என்று வகுத்தது.

ஜாவாவின் விடை

சன் மைக்கிரோசிஸ்ரம்ஸ் நிறுவனத்தில் 1991 இற் தொடங்கிய முயற்சியொன்றின் பயனாக ஜேம்ஸ் கொஸ்லிங் என்பவர் புதிய கணினிமொழியொன்றை அமைத்தார். ஓக் என்பது அதன் முதற்பெயர். பின்னர் கோப்பியின் பெயரால் அது ஜாவா என வழங்கலாயிற்று. பழந்தமிழ் நூல்கள் சாவகம் எனக் கூறும் தீவின் பெயரே கோப்பிக்கு ஆகுபெயராகி, கோப்பியின் வழியே கணினிமொழிக்கும் பெயராயிற்று. 1995 ஆம் ஆண்டு மே மாதம் 23 ஆந் திகதி இம்மொழி அறிவிக்கப்பட்டது. 1996 சனவரியில் அதன் முதற் பதிப்பு வெளிவந்தது.

ஜாவாவிற் பரமானங்கள் யாவும் பெறுமானத்தாலேயே கடத்தப்படுகின்றன. எண்ணாயின் அதன் பிரதி செல்லும். பொருளாயின் அப்பொருள் இருக்கும் இடத்தைக் குறிக்கும் சுட்டின் பிரதி செல்லும். உறுதியின் உவமையாற் கூறின், பெட்டக முகவரியை எழுதிய துண்டின் நகலொன்று வழக்கறிஞர் கையில் இருக்கும். அவர் அந்நகலில் வேறு முகவரியை எழுதிக்கொண்டால் தந்தவருடைய துண்டு மாறாது. ஆயின் முகவரியின்படி சென்று பெட்டகத்தைத் திறந்து உறுதியைத் திருத்தினாரேல், அத்திருத்தம் இருவருக்கும் பொதுவாம். இவ்வேறுபாட்டினை உணராமையே ஜாவாவைப் பயில்வோர் பலர்க்கு இடர் விளைக்கின்றது.

முதற் பதிப்பிலேயே வரைகலைக்கு வேண்டிய வகுப்புக்கள் அமைந்திருந்தன. அவற்றுள் நிறத்துக்கு உரியது கலர் என்னும் வகுப்பு. சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று எண்களைத் தந்து அவ்வகுப்பின் பொருளை ஆக்கலாம். வெள்ளை, கறுப்பு, சிவப்பு, செம்மஞ்சள் முதலாகப் பதின்மூன்று நிறங்கள் பெயரிட்டு முன்னரே ஆக்கி வைக்கப்பட்டுமிருந்தன. செம்மஞ்சள் என்னும் பெயரின் பின் 255, 200, 0 என்னும் மூன்று எண்கள் நிற்கின்றன. ஒன்றாகக் கட்டிய வடிவில் அது 16,762,880 ஆகும். வரையும் முறையை எழுதுவோன் கலர் என்னும் வகையினதாகிய பரமானம் ஒன்றை வேண்டுவானாயின், நிறமல்லாத ஓர் எண்ணை அவ்விடத்தில் எவரும் தரமுடியாது. தரின், மொழிபெயர்க்குஞ் செய்நிரல் அப்பிழையை இயக்கத்துக்கு முன்னரே கண்டு கூறிவிடும்.

இவ்வகுப்பின் தலையாய சிறப்பு யாதெனின், ஒருமுறை ஆக்கப்பட்ட நிறத்தினை மாற்றுதற்கு அதன்கண் வழியே இல்லை என்பதாம். ஒரு நிறத்தைக் கருமையாக்க வேண்டின், டாக்கர் என்னும் முறை பழைய நிறத்தை மாற்றாது புதிய நிறமொன்றை ஆக்கித் தருகின்றது. எனவே, நிறத்தைப் பெற்றுக்கொண்ட முறை எதனைச் செய்யினும் தந்தவனுடைய நிறம் பழுதுறாது. பெட்டகத்தினுள் இருப்பது கல்வெட்டாயின் அதன் முகவரியைப் பலர்க்குக் கொடுப்பதிற் கேடில்லை அன்றோ?

அதே தொகுதியிற் சேர்ந்த பொயின்ற், டைமென்சன் ஆகிய வகுப்புக்கள் இதற்கு மாறாக அமைந்தன. அவற்றின் உறுப்புக்களை எவரும் நேரே மாற்றலாம். ஆதலின், ஒரு சாளரம் தன் அளவைக் கேட்போருக்குக் கூறும் போதெல்லாம், தன் மூலம் மாற்றப்படாதிருத்தற் பொருட்டுப் புதிய பிரதியொன்றை ஆக்கித் தருதல் வேண்டியதாயிற்று. யொசுவா புளொக் என்னும் அறிஞர் 2001 இல் வெளியிட்ட தம் நூலில் இவ்விரு வகுப்புக்களையும் பின்பற்றத்தகாத உதாரணங்களாகக் காட்டியுள்ளார். ஒரே தொகுதியில் நிறம் மாறாததாகவும் அளவு மாறுவதாகவும் அமைந்தமை, அக்காலத்தில் இவ்விடயம் பற்றிய தெளிவு முற்றும் ஏற்பட்டிராமையைக் காட்டுகின்றது.

எஞ்சிய இடர்கள்

கலர் வகுப்பின் அமைப்பு நன்றேயாயினும் இடர்கள் சில எஞ்சின. முதலாவது, ஒரே பெயரிற் பல ஆக்குவழிகள் இருந்தமை. முழுவெண்கள் மூன்று தரப்படின் அவை 0 முதல் 255 வரையுள்ள அளவிற் கொள்ளப்படும். தசமவெண்கள் மூன்று தரப்படின் அவை 0 முதல் 1 வரையுள்ள அளவிற் கொள்ளப்படும். ஆகவே 1, 1, 1 என முழுவெண்களாக எழுதினால் ஏறக்குறையக் கறுப்பே கிடைக்கும். அவற்றையே தசமவெண்களாகக் குறித்து எழுதினால் தூய வெள்ளை கிடைக்கும். எழுத்தில் ஒரு சிறு குறியின் வேறுபாடு. கண்ணுக்கோ இரவும் பகலும் போன்ற வேறுபாடு.

ஒரேயொரு முழுவெண்ணைத் தரும் வழியும் உண்டு. அங்கு 255 எனத் தந்தவன் வெள்ளையை எதிர்பார்ப்பானாயின் ஏமாறுவான். கிடைப்பது தூய நீலமே. மேலும், ஒரு நிறத்தின் எண்ணைத் திரும்பக் கேட்குங்கால், வெள்ளைக்கு விடையாக -1 வரும். கறுப்புக்கு -16,777,216 வரும். அல்பாவின் எட்டுப் பிற்றுக்கள் முப்பத்திரண்டு பிற்று முழுவெண்ணின் உயர்தானத்தில் நிற்பதால், அவற்றுள் முதற்பிற்று எதிர்க்குறியாக வாசிக்கப்படுதலே இதற்குக் காரணம். நிறம் பிழையன்று, நிறத்தை வெறும் எண்ணாக வாசித்தமையே மயக்கத்துக்குக் காரணம்.

இரண்டாவது, கருமையாக்கிப் பின் ஒளியூட்டினால் முன்னைய நிறம் அவ்வாறே மீளாமை. டாக்கர் முறை ஒவ்வொரு கூற்றையும் 0.7 ஆற் பெருக்குகின்றது. 255 என்னுஞ் சிவப்பு 178.5 ஆகிப் பின்னந் தள்ளப்பட்டு 178 ஆகும். அதனை மீள 0.7 ஆற் பிரித்தால் 254 வரும். ஒன்று குறைந்தது கண்ணுக்குப் புலப்படாது. எனினும் பன்முறை செய்யப்படுமிடத்துக் குறை பெருகும். ஆகவே மூலநிறத்தைப் பேணிவைத்து, அதனையே பரமானமாக மீண்டும் மீண்டும் அனுப்புவது அறிவுடைமையாகும்.

மூன்றாவது, மாறாமை என்னும் வாக்குறுதி முழுமையாகக் காக்கப்படாமை. கலர் வகுப்பினின்றும் வேறு வகுப்புக்களைப் பிறப்பித்தல் தடுக்கப்படவில்லை. 1997 இல் வெளிவந்த 1.1 ஆம் பதிப்பில் சிஸ்ரம்கலர் என்னும் வழிவகுப்புச் சேர்க்கப்பட்டது. கணினியைப் பயன்படுத்துவோர் தம் திரையமைப்பின் நிறங்களை மாற்றும்போது இவ்வகுப்பின் நிறவெண்களும் மாறக்கூடும். கலர் என எண்ணிப் பெற்றுக்கொண்ட முறையொன்று, தன் கையிலுள்ளது மாறாதது என நம்பியிருக்க, அது மாறிவிடுதல் நிகழலாம். தந்தை செய்த சத்தியத்தை மைந்தன் நிறைவேற்றவில்லை என இதனைக் கூறலாம்.

நான்காவது, பரமானமாகச் செல்லாது நிலையாகத் தங்கிவிடும் நிறம். ஜாவாவில் வரைவதற்கு உரிய கிராபிக்ஸ் என்னும் பொருளுக்குச் செற்கலர் என்னும் முறையால் நிறம் ஊட்டப்படும். அதன்பின் கோடும் வட்டமும் எழுத்தும் அந்நிறத்திலேயே வரையப்படும். கோடு வரையும் முறைக்கு நிறம் பரமானமாகச் செல்வதில்லை. தூரிகையை மையில் ஒருமுறை தோய்த்துவிட்டுப் பலவற்றை எழுதுவது போன்றது இஃது. துணைமுறையொன்று தூரிகையைச் சிவப்பில் தோய்த்து வேலைசெய்து, கழுவாது திருப்பிக் கொடுத்துவிடின், அடுத்தவன் எழுதுவதுஞ் சிவப்பாகிவிடும். ஆதலின் துணைமுறை நிறத்தைத் தன் பரமானமாகப் பெற்று, முன்னிருந்த நிறத்தைக் குறித்துவைத்து, வேலை முடிந்ததும் அதனை மீட்டுவைத்தல் நல்லொழுக்கமாகக் கொள்ளப்படுகின்றது.

1998 திசெம்பரில் வெளிவந்த 1.2 ஆம் பதிப்பு இத்துறையிற் பெரிய முன்னேற்றமாகும். அடோபி நிறுவனத்தின் ஒத்துழைப்புடன் உருவான இருபரிமாண வரைகலைத் தொகுதி அதிற் சேர்ந்தது. அல்பா என்னும் நான்காங் கூறு கலர் வகுப்பில் இடம்பெற்றது. அதனினும் முக்கியமானது, எண்களின் பொருள் எந்த நிறவெளியிற் கொள்ளப்பட வேண்டும் என்பது வரையறுக்கப்பட்டமை. ஹியூலெற் பக்காட், மைக்கிரோசொவ்ற் ஆகிய நிறுவனங்கள் 1996 இல் முன்மொழிந்து, 1999 இற் சர்வதேச நியமமாக ஏற்கப்பட்ட எஸ்.ஆர்.ஜி.பி. என்னும் நிறவெளியே கலர் வகுப்பின் இயல்பான வெளியாயிற்று. 1931 இல் வகுத்த அளவுமுறை இவ்வாறு ஜாவாவின் பரமானங்களுக்கும் அடித்தளமாயிற்று.

பிற்காலத்தார் வகுத்த வேறு வழிகள்

ஐ.பி.எம். நிறுவனம் உருவாக்கி 2001 இல் எக்லிப்ஸ் முயற்சியின் மூலம் வெளிவந்த எஸ்.டபிள்யூ.ரி. என்னும் தொகுதி வேறொரு வழியைப் பின்பற்றியது. அங்கு நிறம் என்பது இயங்குதளத்திடமிருந்து இரவலாகப் பெற்ற வளம். எவன் ஆக்கினானோ அவனே அதனை விடுவித்தல் வேண்டும் என்பது அதன் விதி. எனவே நிறத்தைப் பரமானமாகப் பெற்ற முறை அதனைப் பயன்படுத்தலாமேயன்றி விடுவித்தலாகாது. விடுவித்தால் உரியவன் கையில் உயிரற்ற நிறமே எஞ்சும். 256 நிறங்களே காட்டவல்ல திரைகள் வழக்கிலிருந்த காலத்துக்கு இவ்விதி பொருந்துவதாயிருந்தது. அத்திரைகள் மறைந்து நெடுங்காலஞ் சென்றபின், 2020 ஆம் ஆண்டளவில் நிறத்தை விடுவிக்கும் கடமை நீக்கப்பட்டது.

2008 இல் வெளிவந்த அன்ட்ரொயிட் அமைப்பு ஜாவா மொழியைக் கைக்கொண்டபோதிலும் நிறத்தை மீண்டும் வெறும் முழுவெண்ணாக்கியது. பொருள்களை மிகுதியாக ஆக்காமையாற் கைப்பேசியின் சிறிய நினைவகம் காக்கப்பட்டது. ஆயின் மொழியின் காவல் இழக்கப்பட்டது. அவ்வமைப்பில் நிறங்களைப் பதிவுசெய்த அட்டவணையின் தொடரெண்ணும் முழுவெண்ணே, நிறவெண்ணும் முழுவெண்ணே. ஒன்றை வேண்டிய இடத்தில் மற்றொன்றைத் தந்தால் மொழி தடுக்காது. திரையில் எதிர்பாராத நிறம் தோன்றும். 16,711,680 என்னும் எண்ணை ஜாவாவின் கலர் வகுப்புக்குத் தந்தால் முழுச்சிவப்பு கிடைக்கும். அதே எண்ணை அன்ட்ரொயிட்டிற் தந்தால், அல்பாவின் தானம் சுழியமாதலின், எதுவுமே தோன்றாது. இத்தகைய பிழைகளைக் கண்டறிதற் பொருட்டு, எவ்வெண் நிறவெண், எவ்வெண் தொடரெண் என்பதைப் பரமானத்தின் முன்னே குறித்து வைக்கும் குறியீடுகள் 2015 இல் வகுக்கப்பட்டன. 2017 இல் வெளிவந்த எட்டாம் பதிப்பு, நிறவெளியின் அடையாளத்தையும் உள்ளடக்கிய அறுபத்துநான்கு பிற்று எண்ணைக் கொணர்ந்தது. நிறத்தைப் பொருளாக ஆக்கும் வழியையும் அளித்தது. கைவிட்ட வழிக்கு ஒன்பது ஆண்டுகளின் பின் மீண்டு வந்தமை ஈண்டு நோக்கற்பாலது.

ஜாவா எஃப்.எக்ஸ். என்னும் தொகுதி 2011 இல் வெளிவந்த தன் இரண்டாம் பதிப்பில் முன்னோர் அனுபவத்தை நன்கு பயன்படுத்தியது. 0 முதல் 255 வரையுள்ள அளவிற் தருவோர்க்கு ஆர்.ஜி.பி. என்னும் பெயருடைய முறையும், 0 முதல் 1 வரையுள்ள அளவிற் தருவோர்க்குக் கலர் என்னும் பெயருடைய முறையும் தனித்தனியே அமைந்தன. அளவின் வேறுபாடு பெயரின் வேறுபாடாக வெளிப்படவே, கறுப்பும் வெள்ளையும் மயங்கும் இடர் பெரிதும் குறைந்தது. அதன் கலர் வகுப்பினின்றும் வழிவகுப்புப் பிறத்தலும் தடுக்கப்பட்டது. மாறாமை என்னும் வாக்குறுதி இம்முறை முழுமையாகக் காக்கப்பட்டது.

எனினும் எண்ணுக்குரிய இடம் முற்றாக ஒழிந்துவிடவில்லை. 1,920 புள்ளி அகலமும் 1,080 புள்ளி உயரமும் உடைய படமொன்றில் 2,073,600 புள்ளிகள் உள. புள்ளிக்கு ஒரு பொருள் வீதம் ஆக்கினால் நினைவகமும் காலமும் வீணாகும். ஆதலின் படத்தின் புள்ளிகளைத் தனித்தனியே கையாளும் ஜாவா முறைகள் இன்றும் முழுவெண்ணையே பரமானமாகப் பெறுகின்றன. மனிதர் எழுதி மனிதர் வாசிக்கும் எல்லையிற் பொருளும், பொறி விரைந்து கணிக்கும் எல்லையில் எண்ணும் என இரண்டும் தத்தம் இடத்தில் நிற்பதே முறைமையாம்.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து மூன்று உண்மைகள் பெறப்படும். நிறவெண் தனித்து நின்று பொருள்தருவதன்று. அதன் அளவு, தானவரிசை, நிறவெளி ஆகியன தருவோனாலும் பெறுவோனாலும் ஒருங்கே உடன்படப்படுதல் வேண்டும். அவ்வுடன்பாட்டை நினைவில் மட்டும் வைத்திருப்பதினும், வகையாகவும் பெயராகவும் மொழியிலேயே பதித்துவைத்தல் சிறந்தது. பலர் கைக்குச் செல்லும் பொருள் மாறாததாக இருத்தல், தருவோனுக்கும் பெறுவோனுக்கும் ஒருங்கே காவலாகும்.

இவை கணினிக்கு மட்டும் உரியனவல்ல. மக்ஸ்வெல் 1861 இற் காட்டிய நிறப்படத்தைப் பற்றி நூறு ஆண்டுகளின் பின் நிகழ்ந்த ஆராய்ச்சி, அக்காலப் புகைப்படத் தகடு சிவப்பொளியை உணரும் ஆற்றல் அற்றது எனவும், சிவப்புத் துணி தெறித்த ஊதாக் கடந்த ஒளியே சிவப்பு வடியைக் கடந்து தகட்டிற் பதிந்தது எனவும் காட்டிற்று. தகடு பெற்றது ஒன்று; காண்போர் கொண்டது மற்றொன்று. அன்று அது நற்பேறாக முடிந்தது. கையளிக்கப்படும் எண் எதனைக் குறிக்கின்றது என்பதை வெளிப்படக் கூறாதவிடத்து, நற்பேற்றினையே நம்பியிருக்க வேண்டும். ஜாவா மொழியின் சிறிய வகுப்பொன்றின் வரலாறு, அந்நற்பேற்றினை நம்பவேண்டாத நிலைக்கு மனித அறிவு படிப்படியாக முன்னேறிய வரலாறேயாம்.